தகிட தகிட தக: மன்னார்க் கையில் சல்சா பேஸ்

மன்னார்த் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் பேஸ் கிற்றார் படிக்கும் இளைஞருக்குப் பெரும்பாலும் முதலில் கைபழகுவது பைலாதான். பேசாலையிலோ வங்காலையிலோ பெருநாள் இரவில் இசைக்குழு மேடை ஏறினால், எத்தனை திரைப்பாட்டுப் பாடினாலும் சனம் காத்திருப்பது பைலாவுக்கு. கலியாண வீட்டிலும் அப்படியே. ‘சுராங்கனி’ பாட்டுத் தொடங்கியதும் கதிரையில் இருந்தவர்கள் எழும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் பேஸ் வாசிப்பவரின் கடமை தெளிவானது: பெரிய அடி விழும் இடத்தில் தடித்த தந்தியை அழுத்தமாகத் தட்டி, ஆடுகிறவர்களின் காலுக்கு இடம் காட்டுவது.

அதே கை சல்சாவை எடுக்கும்போது தடுமாறுகிறது. சுரங்களைப் பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. பல பாட்டுகள் மூன்று நான்கு கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் வாசித்துப் பார்த்தால் சுரம் எல்லாம் சரியாக இருக்கும், ஆட்டம் மட்டும் வராது. காரணம் இதுதான்: ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் சல்சா பேஸ் பெரும்பாலும் புதிதாக ஒன்றும் வாசிப்பதில்லை. இடம் காட்டவேண்டிய வாத்தியமே முக்கியமான இடத்தில் கையை எடுத்துவிடுகிறது. அப்படி எடுப்பதனால்தான் கேட்பவரின் உடல் அசைகிறது.

முரணாகத் தெரியும் இந்த வேலைக்குக் காதின் அமைப்பிலும் மூளையின் தாள உணர்விலும் விளக்கம் உண்டு. பைலாவும் கூத்தும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழியில் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்தாயிற்று என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு சமுத்திரங்கள்

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. இந்த ஐரோப்பியக் கப்பல்களில் கிழக்கு ஆப்பிரிக்க மக்களும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் வரும் ஊர் அது. அவர்களுடைய ‘மஞ்சா’ இசையில் சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். தேங்காய்ச் சிரட்டையும் தாளக் கருவியாகும். போர்த்துக்கேயப் பாட்டும் ஆப்பிரிக்கத் தாளமும் உள்ளூர்க் குரலும் கலந்த அந்த மரபில் இருந்துதான் கஃபிரிஞ்ஞாவும் பைலாவும் வந்தன. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் சிங்கள வரிகளில் பைலாவை மக்கள் இசையாக்கினார். 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாடல்களில் அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தார்கள்.

மற்றச் சமுத்திரத்தில், அத்திலாந்திக்கின் அக்கரையில், இதேபோன்ற வேறொரு கலப்பு நடந்தது. ஸ்பானியர் ஆண்ட கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் ஸ்பானியக் கிற்றாரும் சேர்ந்து, தீவின் கிழக்குப் பகுதியில் ‘சோன்’ என்ற இசை பிறந்தது. அதில் முதலில் பேஸாக இருந்தது மரிம்புலா என்ற மரப்பெட்டி. பெட்டியின் முகப்பில் சில உலோக நாக்குகள் இருக்கும். வாசிப்பவர் பெட்டியின் மேலேயே இருந்து அவற்றை விரலால் நெம்புவார். கிடைக்கும் சுரங்கள் மிகச் சில. ஆகவே எந்தச் சுரம் என்பதைவிட எந்த நேரத்தில் என்பதே அங்கே பெரிய விடயமாக இருந்தது. 1920களில் ஹவானாவின் குழுக்கள் மரிம்புலாவை விட்டு நின்று வாசிக்கும் பெரிய டபிள் பேஸுக்கு மாறின. கருவி மாறினாலும் அந்த நேரக் கணக்கு அப்படியே வந்துசேர்ந்தது. இஸ்ரயேல் ‘கச்சாவோ’ லோப்பெஸ் (1918–2008) போன்ற ஹவானாக் கலைஞர்கள் அதைச் செப்பமாக்கினார்கள். நியூயோர்க்கில் குடியேறிய கியூபர்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வளர்த்தெடுத்த இசையை, 1964இல் தொடங்கிய ஃபேனியா நிறுவனம் சல்சா என்ற பெயரில் உலகமெங்கும் பரப்பியது.

பைலாவும் சல்சாவும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. ஆனாலும் இரண்டையும் ஐபீரியக் கப்பல்கள் சுமந்துவந்த ஆப்பிரிக்கத் தாளம் தொட்டிருக்கிறது. மூன்றையும் இரண்டையும் ஒரே நேரத்தில் உணரவைக்கும் குணம் இரண்டுக்கும் பொது.

தடித்த ஒலிக்கு ஏன் இந்தப் பொறுப்பு?

நான்கு தந்திப் பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது. மற்ற மூன்றும் 55, 73, 98 தடவை. 41 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் 8 மீற்றருக்கும் அதிக நீளமானது. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதக் காது இலகுவில் பிடிப்பதில்லை. பாடகரின் குரல் அளவுக்கு அது கேட்கவேண்டுமானால் பல மடங்கு சக்தி செலவாகும். மேடையில் பேஸுக்கென்று பெரிய பெட்டிகள் வைப்பது அதனால்தான்.

கேட்பதற்கே கடினமான இந்த ஒலியிடம் தாளத்தை ஏன் ஒப்படைத்தார்கள்? மிருதங்கத்தின் தொப்பி முதல் மேற்கத்திய பெரிய டிரம் வரை பல மரபுகள் இதையே செய்கின்றன. மைக்கல் ஹோவ், லோரல் ட்ரெயினர் முதலியோர் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. 196 ஹேர்ட்ஸில் ஒரு தாழ்ந்த ஒலியையும் 466 ஹேர்ட்ஸில் ஓர் உயர்ந்த ஒலியையும் சேர்த்துச் சீராக ஒலிக்கச் செய்தார்கள். இடையிடையே இரண்டில் ஒன்று மட்டும் 50 மில்லிசெக்கன் முந்திவரும். தாழ்ந்த ஒலி முந்தியபோதுதான் கேட்பவர்களின் மூளை மின்னலைகளில் பெரிய மாற்றம் தெரிந்தது. ஒலிக்கு ஏற்ப விரல் தட்டச் சொன்னபோதும் விரல் பின்தொடர்ந்தது தாழ்ந்த ஒலியைத்தான். உட்காதின் கணினி மாதிரியிலும் இதே வேறுபாடு வெளிப்பட்டதால், இது பழக்கத்தால் மட்டும் வந்ததல்ல, காதின் அமைப்பிலேயே தொடங்குகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் அரங்கில் நடந்த ஒரு மின்னணு இசை நிகழ்ச்சி பற்றிய ஆய்வு 2022இல் வெளியானது. காதுக்குத் தெரியாத அளவுக்குத் தாழ்ந்த 8 முதல் 37 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை ஆய்வாளர்கள் இடையிடையே போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அந்த ஒலி இருந்த நேரங்களில் ஆடியவர்களின் அசைவு சராசரியாக 11.8 வீதம் கூடியது. ஒலியைத் தாங்கள் கேட்டதாக அவர்களுக்குத் தெரியவே இல்லை.

பேஸ் வாசிப்பவர் இதிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் கடுமையானது. பாடகர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் சனம் பொறுக்கும். அதைப் பாட்டின் பாவம் என்று ரசிக்கவும் செய்யும். பேஸ் முந்தினால் கால் தடுக்கும். சல்சாவின் வேகத்தில் கால் அடி நிமிடத்துக்கு 100 அளவில் விழும். அப்படியென்றால், ஓர் அடிக்கு நான்காகக் கீழே நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லெழுத்துக்கும் கிடைப்பது 150 மில்லிசெக்கன். ஆய்வில் மூளையைத் திடுக்கிடச் செய்த அந்த 50 மில்லிசெக்கன், ஓர் எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு.

வாயால் சொல்லிப் பார்ப்போம்

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் காலை அசைக்கச் சொல்வதற்கு முன் தாளக்கட்டை வாயால் சொல்லித் தருவார். மிருதங்கம் படிப்பவர்களுக்கும் சொற்கட்டுத்தான் முதல் பாடம். சல்சா பேஸுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் பைலா. ஆறு எழுத்து: தகிட தகிட. இரண்டு ‘த’விலும் காலை வையுங்கள். பைலாவின் அடித்தளம் இதுதான். அதே ஆறு எழுத்தை ‘தக தக தக’ என்றும் பிரிக்கலாம். எழுத்துகளின் எண்ணிக்கை மாறாது, அழுத்தம் மட்டும் இரண்டிலிருந்து மூன்றாகும். நல்ல பைலா டிரம்காரர் இந்த இரண்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருப்பார்.

இப்போது இரண்டு எழுத்தைக் கூட்டுவோம்: தகிட தகிட தக. மொத்தம் எட்டு. இதுதான் கியூபர்கள் ‘திரெசிய்யோ’ என்று அழைக்கும் கட்டு. எட்டு இடங்களில் மூன்று அடிகளை முடிந்தளவு சமமாகப் பரப்பினால் 3, 3, 2 என்றுதான் வரும். மக்கில் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானி கொட்ஃப்ரீட் டூசான் 2005இல் காட்டியபடி, இரண்டு எண்களின் பொதுக் காரணிகளில் பெரியதைக் கண்டுபிடிக்க யூக்ளிட் சொன்ன பழைய வழிமுறையே இதையும், உலகின் வேறு பல நாட்டார் தாளங்களையும் தானாக உருவாக்கிவிடுகிறது.

காலை மட்டும் மாற்றவேண்டும். எட்டு எழுத்தில் முதலாவதிலும் ஐந்தாவதிலும் கால் விழட்டும். வாய் 3, 3, 2 என்று போகும். கால் 4, 4 என்று போகும். முதல் ‘த’வில் இரண்டும் சேரும், பிறகு பிரிந்துவிடும்.

இனிப் பேஸ். முதல் ‘தகிட’வை மனத்துக்குள் மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது ‘தகிட’வின் ‘த’வில் ஒரு சுரம், கடைசித் ‘தக’வின் ‘த’வில் இன்னொரு சுரம். அந்த இரண்டாவது சுரத்தை நிறுத்தாமல் அடுத்த சுற்றின் முதலடிக்கு மேலாகப் போகவிடுங்கள். சல்சா பேஸின் அடிப்படையான ‘தும்பாவோ’ இவ்வளவுதான். அதன் இரண்டு சுரங்களில் ஒன்றுகூடக் கால் விழும் இடத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மேலாக ‘கிளாவே’ என்ற இரட்டைக் கட்டை ஒலி ஓடும். இரண்டு சுற்று சேர்ந்த 16 எழுத்தில் அதைச் சொன்னால்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டினால், முதல் சுற்றில் மூன்றும் அடுத்ததில் இரண்டுமாக 3-2 கிளாவே கிடைத்துவிடும். ஐந்து தட்டில் முதலாவதும் கடைசியும் மட்டுமே காலோடு சேரும். இசைக்குழுவில் உள்ள அத்தனை பேரும் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

காலியான முதலடியை யார் நிரப்புகிறார்?

2009இல் ஹங்கேரியில் இஸ்த்வான் விங்க்லரின் குழு, பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது அவர்களுக்கு டிரம் தாளம் ஒன்றைக் கேட்கவைத்தது. சில சுற்றுகளில் முதலடியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த இடம் வந்ததும், எதிர்பார்த்தது வராதபோது மூளை காட்டும் மின் அடையாளம் குழந்தைகளில் தெரிந்தது. முக்கியமில்லாத அடியை எடுத்தபோது அப்படித் தெரியவில்லை. முதலடி எங்கே வரவேண்டும் என்பதைக் கணித்துக்கொள்ளும் ஆற்றல் மிகத் தொடக்கத்திலேயே இருக்கிறது.

பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்த ஜெசிக்கா கிரானும் மத்தியூ பிரெட்டும் 2007இல் இன்னொன்றைக் கண்டார்கள். சீரான அடி தெரியும் தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாமல் கிடந்தாலும், அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. கேட்பது என்பதே பாதி ஆட்டம்.

இந்த இரண்டையும் சேர்த்தால் சல்சாவின் உத்தி விளங்கும். பேஸ் முதலடியை விட்டுவிட்டால், மூளை அந்த இடத்தில் தானே ஓர் அடியை வைக்கிறது. அதை வைப்பதற்கு வசதியான வழி காலை ஊன்றுவது. வெற்றிடம் எவ்வளவு என்பதிலும் ஓர் அளவு உண்டு. மரியா விட்டெக் குழுவினர் 66 பேருக்கு 50 டிரம் கட்டுகளைக் கேட்கவைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடிகள் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் விழும் தாளத்துக்கும், கண்டபடி தப்பி விழும் தாளத்துக்கும் ஆடும் ஆசை குறைவாக இருந்தது. நடுத்தரமாகத் தப்பும் தாளமே ஆளை அசைத்தது. தும்பாவோ அந்த நடு இடத்தில் நிற்கிறது: அடியை மறைக்கிறது, ஆனால் தொலைத்துவிடுவதில்லை.

கடைசிச் சுரம் அடுத்த சுற்றுக்கு முன்பே வந்துவிடுவதையும் சொல்லவேண்டும். கரைவலை இழுக்கும்போது அம்பா சொல்லுபவரின் குரல் இழுப்புக்குச் சற்று முந்தியே எழும்; அப்போதுதான் அத்தனை கைகளும் ஒரே கணத்தில் கயிற்றைப் பிடித்து இழுக்க முடியும். சல்சா பேஸும் அப்படியே. வரப்போகும் கோர்ட்டின் சுரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கர்நாடக இசையில் அதீத எடுப்பு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பாட்டு தாளத்தின் தொடக்கத்துக்கு முன்பே ஆரம்பிக்கும். அங்கே அது சில உருப்படிகளுக்கு உரிய அழகு. சல்சாவில் அது ஒவ்வொரு சுற்றிலும் நடக்கும் வேலை.

கிற்றாரில்

சி, எஃப், ஜி, எஃப் என்ற நான்கு கோர்ட்டை எடுத்துக்கொள்வோம். கோர்ட்டுக்கு ஒரு சுற்று. இதில் எத்தனையோ சல்சாப் பாட்டு வாசிக்கலாம்.

சி கோர்ட் ஓடும் முதல் சுற்றில், இரண்டாவது ‘தகிட’வின் ‘த’வில் சி கோர்ட்டின் பஞ்சமமான ஜி. ‘தக’வின் ‘த’வில் எஃப். சி கோர்ட் இன்னும் முடியவில்லை, பேஸ் எஃபுக்குப் போய்விட்டது. இரண்டாவது சுற்று எஃப் கோர்ட்: பஞ்சமமான சி, பிறகு ஜி. மூன்றாவது சுற்று ஜி கோர்ட்: பஞ்சமமான டி, பிறகு எஃப். நான்காவது சுற்று மறுபடியும் எஃப் கோர்ட்: சி, பிறகு இன்னொரு சி. அந்தக் கடைசிச் சி அடுத்த சுற்றுத் தொடரைத் திறந்துவிடுகிறது.

பைலாக் கை தவறுவது இங்கேதான். முந்தி வந்த எஃப் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, முதலடியில் மறுபடி ஓர் எஃப் தட்டவேண்டும் என்று விரல் துடிக்கும். தட்டினால் வெற்றிடம் மூடிவிடும், ஆட்டம் நின்றுவிடும். விரலை அடக்க முயன்று பயனில்லை. காலுக்கு அந்த அடியைக் கொடுத்துவிட்டால் விரல் தானாக விட்டுவிடும்.

ஒலியின் தன்மையும் முக்கியம். சல்சாக் குழுக்கள் பல காலம் பயன்படுத்திய வாத்தியம், 1960களின் தொடக்கத்தில் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த ‘பேபி பேஸ்’. மெல்லிய உடலுடன் நின்று வாசிக்கும் மின் பேஸ் அது. அதன் ஒலி உருண்டையாக விழுந்து விரைவில் அடங்கும். மேலே பிராஸ் வாத்தியங்களும் கொங்கா முழவும் பேச இடம் விடும். பேஸ் கிற்றாரில் அந்த ஒலி வேண்டுமானால், வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கிற்றாரின் பாலத்துக்கு (பிரிட்ஜ்) அருகே தந்திகளின் மேல் லேசாக வைத்துப் பெருவிரலால் தட்டவேண்டும். எக்காளம் வாசித்துத் தொடங்கிப் பேஸுக்கு மாறிய பொபி வலென்டீனையும், பேஸ் கிற்றாரையே சல்சாவுக்குள் துணிந்து கொண்டுவந்த சால் குவேவாஸையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கட்டில் இரண்டு குணம் எப்படி வரும் என்று புரியும்.

கேட்டுப் படிப்பவர்கள் கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரை நம்பவேண்டாம். அது 41 ஹேர்ட்ஸைத் தரவே தராது. அதன் மடங்குகளான 82, 123, 164 ஹேர்ட்ஸில் எவை கேட்கின்றனவோ அவற்றைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆகவே எந்தச் சுரம் என்பது தெரிந்துவிடும். ஆனால் அது எப்போது தொடங்கி எப்போது அடங்குகிறது என்பது மங்கிப்போகும். தும்பாவோவில் நாம் படிக்கவேண்டியது அந்தத் தொடக்கத்தையும் அடக்கத்தையும்தான். ஓரளவு நல்ல ஹெட்போன் ஒன்று போதும்.

உடல் சொல்வதைக் காது கேட்கும்

வளர்ந்தபின் வேறொரு தாளத்தைக் காது ஏற்குமா என்ற கேள்வி நியாயமானது. எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், பால்கன் நாட்டுச் சீரற்ற தாளங்களில் வந்த குழப்பத்தை வட அமெரிக்கப் பெரியவர்கள் உணரவில்லை. அந்த நாடுகளில் வளர்ந்தவர்களும், வட அமெரிக்காவின் 6 மாதக் குழந்தைகளும் உணர்ந்தார்கள். நாம் வளரும் ஊர் நம் காதைக் குறுக்குகிறது. பல்வேறு தாளங்கள் புழங்கும் ஊரில் பிறந்தவருக்கு அந்தக் குறுக்கம் அவ்வளவு இல்லை. பெருநாள் பைலாவும், கூத்தின் தாளக்கட்டும், கோயில் மேளமும், திரைப்பாட்டும் ஒரே கரையில் கேட்கும் மன்னார்ப் பிள்ளைகள் இந்த விடயத்தில் கொடுத்துவைத்தவர்கள்.

குறுகிய காதையும் விரிக்க வழி உண்டு. ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வரும் ட்ரெயினரும் 2005இல் 7 மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஆறு துடிப்புத் தாளம் ஒன்றைக் கேட்கவைத்தார்கள். ‘தகிட தகிட’ என்றும் கேட்கலாம், ‘தக தக தக’ என்றும் கேட்கலாம். சில குழந்தைகளைக் கையில் ஏந்தி இரண்டு துடிப்புக்கு ஒருமுறை துள்ளவைத்தார்கள், மற்றவர்களை மூன்றுக்கு ஒருமுறை. பிறகு அழுத்தம் சேர்த்த தாளங்களை ஒலிக்கவிட்டபோது, எப்படித் துள்ளினார்களோ அப்படி அழுத்தம் விழும் தாளத்தையே குழந்தைகள் விரும்பிக் கேட்டார்கள். ஒலி ஒன்றுதான், அதை எப்படிக் கேட்பது என்று தீர்மானித்தது உடல்.

பேஸ் படிக்கும் எவருக்கும் இதைவிடத் தெளிவான அறிவுரை வேண்டியதில்லை. இன்று பலரும் செய்வது தலைகீழ்: வீடியோவைப் பார்த்து விரல் எங்கே போகிறது என்று மனப்பாடம் செய்கிறார்கள், கால் மேசைக்கு அடியில் சும்மா கிடக்கிறது. முதலில் கிற்றாரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். எட்டு எழுத்தைச் சொல்லியபடி நான்குக்கு ஒருமுறை எடையைக் காலிலிருந்து காலுக்கு மாற்றுங்கள். சொல் உறுதியானதும் முதல் ‘தகிட’வை மௌனமாக்குங்கள். கை தட்டிக் கிளாவேயைச் சேருங்கள். இவை மூன்றும் ஒன்றையொன்று குழப்பாமல் ஓடும் நாளில் ஒரே ஒரு சுரத்தை எடுங்கள். அதற்குப் பிறகுதான் கோர்ட். வேகம் ஆகக் கடைசி. இசைக்குழுக்களுக்குப் புதியவர்களைப் பழக்கும் மூத்த கலைஞர்களிடமும், பள்ளிக்கூட இசை ஆசிரியர்களிடமும் இந்த ஒழுங்கை வற்புறுத்தி வேண்டுகிறேன். வாயும் காலும் தாளத்தை எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு விரலில் சொல்லிக்கொடுக்க மிகக் கொஞ்சமே மிஞ்சும். சல்சா பேஸ் வாசிக்க ஆசைப்படுபவர் முதலில் சல்சா ஆடப் பழகட்டும்.